கோபத்துக்கு ஒருசந்தி

மார்ச் 4, செவ்வாய்

ஐவரி கலர் கேட்ட ஆளுக்குக் கண்ணாயிரம் இளஞ்சிவப்பு கலந்து கொடுத்துவிட்டான். ஒரு முழு பக்கெட். பதினைந்து வருஷமாக என் பெயிண்ட், ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவன் செய்கிற வேலையா இது? நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கண்ணு இருக்கிற எடத்துல என்னாய்யா வெச்சிருக்க, கோலிகுண்டா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எதிர் வாடை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் பங்குச் சாமியார் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"லூர்துசாமி, நாளைக்கு விபூதிப் புதன். இந்தத் தவக்காலத்துல எத வுடப் போறீங்க?"

"வழக்கம்போல கறி, மீனுதான் சாமி."

"அதத்தான் வருஷா வருஷம் வுட்டுட்டு ஈஸ்டர் அன்னிக்கு சேத்து வெச்சி சாப்புடறீங்களே. கூடவே கோவத்தயும் வுடுங்க பாக்கலாம்."

கடையில் நாலு கஸ்டமர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்வது, தலையாட்டிவிட்டேன். ஈஸ்டர் வரை யாரையும் ஒரு வார்த்தை அதட்டக் கூடாது. வயிற்றுக்கு ஒருசந்தி விரதம் இருப்பதுபோல வாய்க்கும் ஒருசந்தி. ஊரெல்லாம் தமுக்கடித்துக்கொண்டு திரியக் கூடாது, வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

ராத்திரி என் சம்சாரம் ஜான்சியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. முதல் நாளே! எடுத்தவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். (இதை எழுதும்போது பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது.)

மார்ச் 8, சனி

ஒருத்தர் இரண்டு சுவர் அடித்து முடித்த பெயிண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வீட்டுல அவுங்களுக்குப் புடிக்கல" என்றார். பக்கெட்டில் அடியில் மூன்று விரல் பெயிண்ட்தான் கிடக்கிறது. சிரித்துக்கொண்டே வேறு பக்கெட் கொடுத்தேன். கண்ணாயிரம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "மொதலாளி, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்று கேட்டான்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். திருவந்திபுரத்துச் சாமியிலிருந்து சுற்றுப்பட்டு சாமி எல்லாம் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்கு வந்திருக்கிறது. கடலூரே கடற்கரையில் நிற்கிறது. கண்ணாயிரமும் அங்கேதான். லீவு சொல்லவில்லை. பதினோரு மணிக்கு வீடியோ காலில் வந்தான். "கூட்டத்த பாருங்க மொதலாளி!" என்று போனைச் சுற்றிக் காட்டுகிறான். வாயில் சுண்டல் வேறு. பத்திரமாக வா என்றேன்.

என் விரத விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஜான்சி இவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பாள். இனி கடலூரில் யாருக்குத் தெரியாது?

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். பிரிசில்லா டீ கொண்டுவந்து வைத்தாள். என் ஒரே மகள். சிதம்பரத்தில் ஒரு காலேஜில் கணக்கு நடத்துகிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

"அப்பா, உங்க வேண்டுதல் ஈஸ்டர் வரிக்கும்தான?"

"ஆமாம்மா."

"அப்ப இப்பவே சொல்லிடறேன்."

ஒரே மூச்சில் சொன்னாள். பையன் பெயர் அருள்முருகன். அதே காலேஜில் கெமிஸ்ட்ரி. அப்பா ராஜமாணிக்கம், சிதம்பரத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வருஷா வருஷம் காவடி எடுக்கிற குடும்பம். கட்டினால் அவனைத்தான். சொல்லும்போது அவள் கையில் ஹேண்ட்பேக் இருந்தது. காலில் செருப்பு இருந்தது. வீட்டுக்குள்! ஓடுவதற்குத் தயாராக நின்று சொல்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பிடியாம்மா. சந்தோஷம்."

என் வாய்தான் சொன்னது. உள்ளே ஜான்சி தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

நேராக மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் கத்த முடியாது. பக்கத்து வீட்டு வெண்மதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இங்கே கத்துகிறேன். எவன்டா அவன்? யார கேட்டு? படிக்க வெச்சி, வேலைக்கி அனுப்பிச்சி, பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தா— கெமிஸ்ட்ரியாம் கெமிஸ்ட்ரி! எங்க அக்கா புள்ளைங்க கேட்டா என்னான்னு சொல்லுவேன்? சாமியாருக்கு என்னா சொல்லுவேன்? கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சி எல்லாருக்கும்!

கொஞ்சம் தேவலை.

மார்ச் 17, திங்கள்

நன்றாக யோசித்துவிட்டேன். ஈஸ்டர் ஏப்ரல் இருபது. வரட்டும். அன்றைக்கு வாயைத் திறக்கிறேன். இந்தக் கல்யாணம் நடக்காது.

மார்ச் 22, சனி

ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பையன் கடைக்கு வந்து நின்றான். என்ன வேண்டும் என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ரெண்டு இஞ்ச் ஆணி சார். ஒரு கிலோ" என்றான்.

"எதுக்குத் தம்பி?"

"சும்மா சார்."

யாராவது சும்மா ஒரு கிலோ ஆணி வாங்குவார்களா? அப்புறம்தான் உறைத்தது. ஜான்சி போனில் காட்டிய அதே மூஞ்சி. பெண் பார்க்க வந்தவனா, மாமனார் பார்க்க வந்தவனா? சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போகும்போது படியில் கிடந்த பிரஷ்ஷை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனான். நல்ல பையன் மாதிரிதான்— வேண்டாம், எழுத மாட்டேன்.

மார்ச் 29, சனி

பிரிசில்லாவுக்கும் அந்தப் பையனுக்கும் இரண்டு வருஷமாகப் பழக்கமாம்! சாப்பிடும்போது ஜான்சியிடம் கேட்டேன். "போன வருஷமே அவ எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? ஏன் சொல்லல?"

"போன வருஷம் நீங்க கறிய மட்டும்தான வுட்டீங்க" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

என் பெண் என்னோடு பேசுவதற்குக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு வலிக்கிறது. நான் என்ன புலியா? அவளுக்காகத்தானே காலையில் ஆறு மணிக்கு ஷட்டர் தூக்குகிறேன்? ஒரு தடவை அடித்திருப்பேனா? கிடையாது. கத்துவேன், அவ்வளவுதான். கத்திவிட்டு மறந்துவிடுவேன். கேட்டவர்கள் மறக்க வேண்டாமா என்றால்... தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பையன் வீட்டுக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். சும்மா பார்த்துவிட்டு வருவதுதான். சம்மதம் என்று அர்த்தமில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். நல்ல நாள், இன்றைக்கே வாங்க என்று ராஜமாணிக்கம் போன் செய்திருந்தார். சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் வைக்க இடமில்லை. காவடிக்கு வழி விட்டு, ஆட்டோவுக்கு வழி விட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என் வேட்டி சந்தனக் கலரில் இருந்தது.

ராஜமாணிக்கம் என் வயசுதான். மீசை பெரிது. குரல் அதைவிடப் பெரிது. அவர் மனைவி ரத்தினம்மாள் தங்கமான பெண்மணி. எங்களை உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இலை போட்டு, கடையில் வாங்கிய சிக்கன் பிரியாணி!

"கீழ இன்னிக்கி விரதம். கவிச்சி ஆகாது. கிறிஸ்டியன்ஸ் ஆச்சே, கறி இல்லாம சாப்புட மாட்டீங்கன்னு மேல ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் ராஜமாணிக்கம். உத்திரத்தன்று வீட்டுக்குள் கோழி கொண்டுவந்த பாவத்துக்கு, ரத்தினம்மாள் முகம் பார்க்க முடியவில்லை.

எங்களுக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கறியைத் தொட்டால் அவ்வளவுதான். ஜான்சி என்னைப் பார்த்தாள். நான் பிரியாணியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "நாங்களும் இன்னிக்கி சுத்த சைவங்க" என்றேன். ரத்தினம்மாள் "முருகா!" என்று மூச்சு விட்டார். எல்லாரும் கீழே போய் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். பிரியாணி யார் வயிற்றுக்குப் போனதோ.

அதோடு முடிந்திருந்தால் சரி. ராஜமாணிக்கம் ஆரம்பித்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் என் புள்ளைய மதம் மாத்திடுவீங்களா?" சிரித்தேன். "பொண்ணு வேலைக்கிப் போவணும்னு அவசியம் இல்ல." சிரித்தேன். "பெயிண்ட் யாவாரத்துல தண்ணிதான் லாபமாமே?" சிரித்தேன்! கன்னம் வலித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்த மனுஷன் முகம் இன்னும் கடுகடுவென்று ஆகிக்கொண்டே போனது. ஏனென்று விளங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனியில் பின்னால் வந்தவர் ஓலை என் காதுக்குள் போனது. ஸ்தோத்திரம் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வெண்மதி மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்து கொடுத்தாள். வேப்பம்பூவை அள்ளிப் போட்டிருக்கிறாள், ஒரே கசப்பு. அதை நக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பிரிசில்லா அறையில் அழுகிற சத்தம் கேட்டது.

அருள்முருகன் போன் செய்தானாம். அவன் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். மதமும் காரணம் இல்லை, ஜாதியும் இல்லை. நான்தான் காரணமாம்! "நானும் குத்திக் குத்திப் பாத்தேன். அந்தாளு சிரிச்சிகினே இருக்காரு. மனசுல என்னா வெச்சிருக்காருன்னே தெரியல. கோவப்படறவன நம்பலாம். இந்த மாதிரி ஆளு பின்னாடி கழுத்த அறுத்துடுவான்" என்றாராம்.

நானா! அமைதியான ஆள் என்று என்னை ஒருத்தன் சந்தேகப்படுகிறான்!

சரி, நான் நினைத்ததுதானே நடந்திருக்கிறது? வாயைத் திறக்காமலே கல்யாணம் நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். பச்சடிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வரவில்லை. அவள் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நடக்க வேண்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயிலில் கஞ்சி வாங்கும்போது சாமியாரை ஓரம் கட்டினேன். "சாமி, ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன். ரெண்டே நிமிஷம். சிதம்பரத்துக்கு. கத்திட்டு வெச்சிடறேன். நல்ல காரியத்துக்குத்தான்."

"ஞாயித்துக்கெழம பண்ணுங்க" என்றார். மனசாட்சியே இல்லாத மனுஷன்.

ஜான்சி ரத்தினம்மாளிடம் பேசி, ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அவர்களை வரச் சொல்லிவிட்டாள். வருகிறார்களாம். ஆனால் முடியாது என்பதை நேரில் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் ராஜமாணிக்கம் வருகிறாராம். பிரிசில்லா சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ராஜமாணிக்கம், ரத்தினம்மாள், அருள்முருகன். பழம், ஸ்வீட் எல்லாம் இருந்தது. பூ இல்லை. கவனித்தேன்.

ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். ஒங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். என்னா, எம் புள்ள வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனைக்கிறவன். அது கொஞ்சம் சாமர்த்தியமா புடிச்சிடுச்சி."

பிரிசில்லா கதவோரம் நிற்கிறாள். அவள் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்.

"யோவ்!"

நான்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்னாய்யா புடிச்சிச்சி? ஒம் புள்ள என்னா விரால் மீனா, வல போட்டுப் புடிக்க? என் மூஞ்சிய பாத்துப் பேச பயந்துகினு ஒரு கிலோ ஆணி வாங்கிட்டுப் போனவன்யா ஒம் புள்ள! எம் பொண்ணு எனக்கு நேரா நின்னு சொன்னவ! ஆம்பள மாதிரின்னு சொல்ல மாட்டேன், ஆம்பளைங்க ரெண்டு பேரையும் இப்ப பாத்துட்டேன்! வேலைக்கிப் போவ வேணாமா? நீ யாருய்யா அதச் சொல்ல? போவும்! ஒங் கடையில தண்ணி கலக்காம போல்ட்டு விக்கறயே, அந்த லாபத்துல நீ பொழச்சிக்க, அது சம்பளத்துல அது பொழச்சிக்கும்!"

ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். "யாருகிட்ட கத்தற?"

"ஒங்கிட்டதான்யா! இங்க வேற யாரு இருக்கா, கவர்னரா?"

"நான் கத்துனா வடலூர் வரிக்கும் கேக்கும் தெரியுமா?"

"கத்து! கேக்கட்டும்!"

கத்தினார். நானும் கத்தினேன். ஒரே நேரத்தில். என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கும் இருக்காது. மதில் மேல் வெண்மதி தலை தெரிந்தது. அருள்முருகன் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டான். ரத்தினம்மாளும் ஜான்சியும் வெங்காயப் பச்சடி அளவாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ராஜமாணிக்கம் நின்றார். மூச்சு வாங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தினம், எல போடச் சொல்லு." என் பக்கம் திரும்பி, "ஏன் சம்பந்தி, இத அன்னிக்கே பேசித் தொலைக்கறதுக்கு என்னா? ஒரு வாரமா தூக்கம் இல்ல எனக்கு" என்றார்.

"அன்னிக்கி எனக்கு விரதம்யா" என்றேன்.

பிரிசில்லா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே எனக்குத்தான் முதலில் பிரியாணி வைத்தாள். ஆறிப்போயிருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மண்டபம் கடலூரில்தான் என்று நான் போனில் கத்தினேன். சிதம்பரத்தில்தான் என்று சம்பந்தி கத்தினார். நடுவில் ரத்தினம்மாள் போனை வாங்கி, "ரெண்டு ஊருக்கும் நடுவுல, குறிஞ்சிப்பாடி" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆவணியில் கல்யாணம்.

மே 3, சனி

சாயங்காலம் கடையில் கூட்டம். பிரிசில்லா நேராகக் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, உங்க ஸ்கூட்டர பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு ஆட்டோல இடிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. முன்னாடி மட்காடு போச்சி."

கத்தினேன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினாய் என்பதில் ஆரம்பித்து, கெமிஸ்ட்ரி வாத்தியார் வரைக்கும் போய், திரும்பி வந்தேன். கஸ்டமர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் கல்லா மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"முடிஞ்சிதாப்பா? டீ சொல்லட்டா?"

ரெண்டு சொல்லச் சொன்னேன்.