வாளி படுத்த இடங்கள்

2009 ஜூன் 9, செவ்வாய்

சுண்ணாம்பா பெயின்றா என்று இரண்டு நாளாக யோசனை. விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு அலங்காரம் என்று ஒரு மனம். விற்கப் போவதால்தானே அலங்காரம் என்று இன்னொரு மனம். இருந்த முப்பத்திமூன்று வருஷமும் அடிக்காத இளம்பச்சையை இப்போது அடிக்கப் போகிறேன்.

தர்மிகா கொழும்பிலிருந்து இன்றைக்கும் போன் எடுத்தாள். "சண்டையும் முடிஞ்சிட்டு. இனியும் தனிய அங்க என்னம்மா செய்றீங்க?" மகள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவள் இருப்பது வெள்ளவத்தையில் நாலாம் மாடி. நாய், பூனை வைக்கக்கூடாதாம், வாடகைக் கடிதத்திலேயே போட்டிருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஜூன் 12, வெள்ளி

தரகர் மசூர் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வந்தார். கல்முனையில் அவருக்குத் தெரியாத காணி இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வளவைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், கூரை மரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலடியில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்த என் நாய் வாளியைப் பார்த்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"டீச்சர், இந்தத் தெருவில இனி வாங்கிறதெண்டா எங்கட ஆக்கள்தான் வாங்குவாங்க. வீட்டுக்குள்ள நாய் புழங்கினதெண்டா ஒருத்தரும் ஏறிட்டும் பாக்கமாட்டாங்க."

"பூனையும் கிடக்கு."

"பூனை இருக்கட்டும், அது நல்லம். நாயைத்தான் இல்லாமப் பண்ணுங்க."

இல்லாமப் பண்ணுவதாம்! வாளி தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டது. வந்த ஆளைப் பார்த்துக் குரைக்கிற பழக்கமும் இல்லாத நாய்.

ஜூன் 13, சனி

தம்பி பாக்கியராசாவோடு கதைத்தேன். நாவிதன்வெளியில் வயல் காவல் வாடிக்கு ஒரு நாய் வேணும்தானாம்.

ஜூன் 16, செவ்வாய்

அறைக் கதவின் கீழ்ப்பக்கம் முழுக்க நகக்கீறல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மரத்தின் நிறம் மாறி, அந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. எல்லாக் கதவையும் அதே அளவுக்குத் தேய்க்க வேண்டியதாய்ப் போயிற்று. அறுபத்தொரு வயதில் இந்த வேலை.

மூலைக்கு மூலை மயிர். மூன்று தரம் கூட்டினேன், டெட்டோல் போட்டுத் துடைத்தேன். ஈரத்தில் வாளி குறுக்கே நடந்து போனது. ஏசினேன். வாலை ஆட்டியது.

சுனாமி முடிந்து ஆறாம் நாள் கிணற்றடியில் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் கிடந்த குட்டி. அதுதான் அந்தப் பெயர். என்ட இவர் கடல் வந்த அன்றைக்குக் காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர், நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தோம். குட்டியைத் தூக்குகிற நிலையில் நான் இல்லை. ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஜூன் 20, சனி

விடிய ஆறு மணிக்கே பாக்கியராசா லான்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு வந்து வாளியைக் கொண்டுபோனான். பின்பெட்டியில் ஏறி நின்று காற்று வாங்கிக்கொண்டு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் கோபம்தான் எனக்கு.

ஜன்னலடியில் அது படுத்த இடம் இன்னும் சூடாக இருந்தது. துடைத்தேன். சங்கிலி, சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் சாக்கில் கட்டி விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

நாலு மணிக்கு மசூரோடு சாலிஹும் அவர் மனைவி ஹப்ஸாவும் வந்தார்கள். சாலிஹ் ஹாட்வெயார் கடைக்காரர், கதை குறைவு. ஹப்ஸாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். வந்ததும் வராததுமாய்ப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா.

"குமர் காரியம் டீச்சர். மகளுக்கு வீடு குடுத்தாத்தானே மாப்பிள்ளை வருவாங்க. மூணு புள்ளைகள். ரெண்டு கடலோட போயிட்டு. மிச்சம் இவள் ஒருத்திதான். இவளுக்காவது எல்லாம் நல்லபடியா செய்யணும்."

பிறகு நேராகவே கேட்டா. "இங்க நாயொண்டு நிண்டதெண்டு ஆரோ சொன்னாங்களே?"

மசூர் என்னைப் பார்த்தார்.

"அது றோட்டு நாய்," என்றேன். "கேற்றடிக்கு வந்து போகும்."

ஓம் என்று தலையாட்டினா. அதற்கு மேல் கேட்கவில்லை. அசர் நேரமாகிவிட்டதாம், ஒரு மூலையில் தொழுதுகொள்ளலாமா என்று கேட்டா. என்னத்தைச் சொல்ல? கிணற்றடியில் கை, முகம், கால் கழுவி உளூ எடுத்துவிட்டு ஈரக்காலோடு வந்தா. நான் வெளுத்த விரிப்பொன்று கொடுத்தேன். வீட்டில் எத்தனை இடம் கிடக்க, மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் பார்த்து அவ விரித்தது ஜன்னலடியில்.

நெற்றி அந்த இடத்தில் பட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

விரிப்பை இன்னும் கழுவவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

பேச்சு முடிந்தது என்று மசூர் சொல்லியனுப்பினார். அடுத்த மாதம் உறுதி எழுத்தாம். தர்மிகாவுக்குச் சந்தோஷம், போனிலேயே அழுதாள்.

பாக்கியராசாவிடம், வாளி என்னைத் தேடுதா என்று கேட்டேன்.

"இல்லக்கா, நல்லாத் தின்னுது. வாய்க்காலுக்குள்ள இறங்கிக் குளிக்குது."

சரி. நல்லது.

ஜூன் 27, சனி

என்ன மனுசி நான்? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்க வைத்துப் பொய் சொல்லாதே பொய் சொல்லாதே என்று கத்தினவள். ரெண்டு புள்ளையைப் பறிகுடுத்த ஒருத்தி என்ட முகத்தைப் பாத்துக் கேக்கிறா, நான் சிரிச்சிக்கொண்டு சொல்றன் — றோட்டு நாய் எண்டு! அவ என்னை நம்பி அதே இடத்தில தலை வச்சித் தொழுதுட்டுப் போறா. அவ கடவுளோட கதைச்ச இடம் அது. அதில போய் நான் விளையாடியிருக்கிறன்.

வாளியையும்தானே இல்லையென்று சொன்னேன். நாலரை வருஷம் கூட இருந்ததை ஒரே வசனத்தில் கேற்றுக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

சொன்னால் முடிந்த பேச்சுக் குழம்பும். இந்தத் தெருவில் பிறகு ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவட மகள் காலமெல்லாம் அந்த இடத்தில் தொழுவாள், நான் நாலாம் மாடியில் இருந்துகொண்டு அதை நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் 28, ஞாயிறு

போனேன். சொல்லிவிட்டேன்.

ஹப்ஸா தன் வீட்டு முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கும்வரை சுளகு நிற்கவில்லை. பிறகுதான் நின்றது.

"அண்டைக்கி நான் தொழுத இடம்?"

"அதுதான் அது வழமையாப் படுக்கிற இடம். அண்டு விடியவும் படுத்த."

"நாய் இரிந்தா என்ன டீச்சர்? ஏழு தரம் கழுவினாப் போயிரும், ஒரு தரம் மண்ணோட. அது எங்களுக்குப் பெரிய வேலையில்ல. நான் உங்கட முகத்தப் பாத்துத்தானே கேட்டன்?"

மன்னிப்புக் கேட்டேன். அவ அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. "அந்தத் தொழுகையை நான் திருப்பித் தொழணும்," என்று மட்டும் சொன்னா. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வர விடமாட்டார்கள். நான் இன்று குடிக்காமல் வந்தேன்.

ஜூலை 1, புதன்

மசூர் கேற்றில் நின்றே கத்திவிட்டுப் போனார். "ஆரும் கேட்டாங்களா உங்கள்ட்ட? முடிஞ்ச பேச்சு டீச்சர், முடிஞ்ச பேச்சு!"

தர்மிகாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 4, சனி

சாலிஹ் தனியே வந்தார். உள்ளே வரவில்லை. வேலி ஓரமாய் நின்று சொன்னார்: "ஹப்ஸா வாங்கச் சொல்றா, நீங்களா வந்து உண்மையச் சொன்னதுக்காக. எனக்கு மனமில்லாமத்தான் இரிந்த. கழுவிற அண்டைக்கி நீங்களும் நிக்கணுமாம். எங்கெங்க அது புழங்கின எண்டு ஒரு இடம் விடாமக் காட்டணுமாம்."

ஓம் என்றேன்.

ஜூலை 6, திங்கள்

தர்மிகாவிடம் எல்லாம் சொன்னேன். கொழும்புக்கு இப்போதைக்கு இல்லை, நாவிதன்வெளியில் தம்பி வளவில் ஒரு அறை போட்டுக்கொண்டு இருக்கப் போகிறேன் என்பதையும் சொன்னேன். "ஒரு நாய்க்காகவா அம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒருதரம் இல்லையென்று சொன்னது போதும்.

ஜூலை 11, சனி

காலையில் சாலிஹும் அவர் தம்பிமார் இரண்டு பேரும் வந்தார்கள். அரித்த வயல் மண் ஒரு சாக்கு, தண்ணீர்க் குழாய், தேய்க்கத் தும்புத்தடிகள். ஹப்ஸா சட்டையின் கையை மடித்துவிட்டு என் பக்கத்தில் நின்றா. "காட்டுங்க டீச்சர்."

ஜன்னலடி. குசினி வாசல், மீன் வெட்டும்போது அங்கேதான் தவம் கிடக்கும். நான் பிள்ளைகளின் கொப்பி திருத்தின மேசைக்குக் கீழே. முன்கதவு மூலை, இவருடைய செருப்புக் கிடந்த இடம். அந்தச் செருப்பை நான் ஒரு வருஷம் எடுக்கவில்லை, குட்டி அதன் மேல்தான் தூங்கும். சாமியறைக்குள் மட்டும் விட்டதில்லை, அதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் காட்டக் காட்டத் தண்ணீர் பின்னால் வந்தது. இத்தனை இடமா என்று எனக்கே ஆச்சரியம்.

"வேற?" என்று கேட்டா ஹப்ஸா.

படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். கட்டிலை ஏற்கனவே லான்ட்மாஸ்டரில் அனுப்பிவிட்டேன், நாலு கால் நின்ற அடையாளம் மட்டும் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாதது இது. பிள்ளைக்கும் சொன்னதில்லை.

"இங்க. கட்டில்ல, என்ட முதுகோட ஒட்டிக்கொண்டுதான் படுக்கும். முதல் வருஷம் முழுக்க. பக்கத்தில மூச்சுச் சத்தம் கேக்காட்டி எனக்கு நித்திரை வராது."

ஹப்ஸா அந்த நாலு அடையாளத்தையும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. சாலிஹ் குழாயோடு வாசலுக்கு வந்தார். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னா.

"உங்களுக்கு அந்த மூச்சுச் சத்தமாவது இரிந்திச்சி, டீச்சர்."

பிறகு தண்ணீரைத் திறந்தா. நான் மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். ஏழு தரமும் நாங்கள் இரண்டு பேருமே கழுவினோம்.