பதினெட்டாம் அறைச் சங்கு

அன்புள்ள பரமநாதன் அண்ணை,

அந்த அட்டையிலிருந்து ‘பிழை’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். முதலில் அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஓவியக்கூடத்தின் பதினெட்டாம் அறையில் நீங்களும் நானும் சீருடையோடு காவலுக்கு நின்ற காலம் முழுவதும் அந்தச் சொல் அங்கே இருந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்துப் படம். மேசையில் எலுமிச்சை, வெள்ளிக் கிண்ணம், ஒரு வெள்ளைச் சங்கு. சங்கின் சுருள் வழக்கத்துக்கு மாறாக மறுபக்கம் திரும்பியிருப்பது ஓவியனின் பிழை என்று பக்கத்திலிருந்த விளக்க அட்டையில் எழுதியிருந்தார்கள்.

“பிழையோ? இது வலம்புரியடா தம்பி. எங்கட கடலிலை எடுத்தது. அவன் கண்டதைத்தான் கீறியிருக்கிறான்” என்றீர்கள். மேலதிகாரியிடமும் போய்ச் சொன்னீர்கள். அவர் சிரித்துவிட்டு, கதவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சிரிப்பை நீங்கள் மறந்தீர்களோ தெரியாது. நான் மறக்கவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு ஓவியக்கூடத்துக்கு ஆறு கடிதம் போட்டேன். பள்ளிக்கூடம் முடிக்காதவன் நான். அந்த அட்டைகளை வாசித்துத்தான் ஆங்கிலம் பழகினேன். அதே ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறாவதற்குத்தான் வரச்சொல்லிப் பதில் வந்தது.

வெம்பிளியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி சாமித்தட்டிலிருந்த வலம்புரியைப் பட்டுத்துணியில் சுற்றித் தந்தார். “சண்டை பிடிக்காமல் கதையுங்கோ. சங்கு பத்திரம்” என்றார். ஓவியக்கூட வாசலில் காவலுக்கு நின்று பையைத் திறந்து பார்த்த நம் செல்வா, “என்னண்ணை, ஊதி எல்லாரையும் கலைக்கப் போறியளோ?” என்றான்.

“தேவையெண்டால் ஊதுவன்” என்றேன்.

ஓவியங்களுக்குப் பொறுப்பான புதிய பெண் அதிகாரி சங்கோடு படத்தின் முன்னால் நின்றார். நாம் யாரையும் தாண்ட விடாத கோட்டுக்கு இப்பால்தான். சங்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு, படத்தில் பிழையில்லை என்றார். முதலில் கண்டது யார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன், எழுத்து எழுத்தாக.

புது அட்டையில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘பார்வையாளர் ஒருவர் தெரிவித்தார்.’ காவலாளியின் பெயர் போடும் வழக்கமில்லையாம். கால் வீங்க வீங்க அந்த அறையில் நின்ற மனிதர் பார்வையாளரா?

ஏழாவது கடிதத்தை இன்று காலை தபாலில் போட்டேன். சங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணி வாங்கவில்லை. சண்டை வேண்டாம் என்ற அதே அண்ணிதான். “இவற்ற பேர் அட்டையிலை வரட்டும். பிறகு கொண்டு வாங்கோ” என்றார்.

உங்கள் சாமித்தட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அண்ணை. அதை நிரப்பாமல் நான் உங்களிடம் வரமாட்டேன்.

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
குமாரசாமி