ஏழாம் பெட்டியும் என் கண்ணும்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

இங்கே சின்ன விஷயம் ஒன்று நடந்தது, பதறாதே. கட்டடம் எழும் இடத்தில் வெளியே நிற்கும் மின்சாரப் பெட்டிகள் என் பொறுப்பு. தினமும் ஒவ்வொன்றிலும் சோதனைப் பொத்தானை அழுத்துவேன். மின்சாரம் டக்கென்று நின்றால்தான் கையெழுத்திடுவேன். மழையில் ஏழாம் பெட்டியில் மட்டும் மின்சாரம் ஓயாமல் தானாகவே நின்றுபோய்க்கொண்டிருந்தது. செவ்வாயன்று மேஸ்திரி, "அண்ணே, ஏழாம் பெட்டியை இப்பத்தான் நானே அழுத்திப் பார்த்தேன். நனையாதீங்க, கையெழுத்தைப் போட்டுடுங்க" என்றார். என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். போட்டுவிட்டேன்.

ஆனால் அவரோ வேலை தடைபடக் கூடாதென்று ஒயரை மாற்றி, ஷாக் அடிக்குமுன் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பையே முடக்கியிருந்தார். பெட்டிச் சாவி எங்கள் இருவரிடம்தான் உண்டு. மதியம் வெல்டருக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, விரல் நுனி சுட்டதோடு போயிற்று.

விசாரணையில் மேஸ்திரி என் தோளில் கை போட்டுக்கொண்டே, "பாவம் சார், பெரியவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஒயரை மாத்திப் போட்டுட்டாரு" என்றார். அழுத்தாமல் கையெழுத்திட்டவன் நான்தானே? அதை ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன், யார் சொல்லிப் போட்டேன் என்பதையும் சேர்த்து.

விசாரணை முடிய ஒரு மாதமாகுமாம். பீரோவில் என் பார்வை சரியாக இருக்கிறதென்று கண் டாக்டர் கொடுத்த சீட்டு இருக்கும், அனுப்பு. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இப்போது தனியாகத்தான் உட்காருகிறேன்.

உனக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தருவது நான்தானே? அதையும் ஒரு வரி எழுது. அவர்களிடம் காட்ட அல்ல, எனக்கு.

உன் வீட்டுக்காரர்