மைதானத்தில் வரைந்த கல்லூரி

அக்கா,

இன்று காலை மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தும்மல் வந்தது, பின்னாலேயே நினைவில் நீங்கள் வந்தீர்கள். வெள்ளை படிந்த கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். விளையாட்டு ஆசிரியையான நீங்கள் கண்மூடிய பிறகு நம் கல்லூரியில் கோடு போடுவது இதுதான் முதல் முறை. கோணலாகத்தான் வந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி போட வைத்திருப்பீர்கள்.

என் துறை மாணவி ஒருத்தியை ஒரு மாலை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் எவனோ கையைப் பிடித்து இழுத்தானே, அதுதான் ஞாபகம் வந்தது. அவள் உதறிவிட்டு ஓடி வந்துவிட்டாள். ஆள் பிடிபடவில்லை. பல்லடத்தில் தறி ஓட்டும் அவள் அப்பா மறுநாளே டி.சி. கேட்டு வந்து நின்றார். "என்ற புள்ளைக்குப் படிப்பு முக்கியந்தானுங்க. ஆனா அவ ஊடு வந்து சேரோணுமில்லீங்க?" என்றார். நீங்கள்தான் அவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டீர்கள்.

பாதுகாப்புக் குழுவின் அமைப்பாளர் நான். மாணவிகள், துப்புரவுப் பெண்கள், பஸ் டிரைவர்கள் என எல்லோரையும் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து, எங்கே பயமாக இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினேன். முன்வரிசையில் முதல்வர். நம் ஊர் மரியாதை தெரிந்ததுதானே! "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க மேடம், எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மதிலை உயர்த்தலாம், கேமரா மாட்டலாம் என்று நானே எழுதி, குழுவில் இருந்த உங்களிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். "அம்மணி, மைக்கக் குடுத்தா நம்மாளுங்க நன்றிதான் சொல்லுவாங்க. நாளைக்கு எல்லாத்தையும் கிரவுண்டுக்கு வரச் சொல்லு."

மறுநாள் போனால், மைதானம் முழுக்க நம் கல்லூரியைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருந்தீர்கள். கேன்டீன், ஹாஸ்டல், பஸ் நிற்கும் இடம், பின்வாசல் எல்லாம் இருந்தன. "ஆரும் ஒண்ணும் பேச வேண்டாமுங்க. தனியாப் போகத் தயங்கற இடத்துல போய் நில்லுங்க, போதும்."

கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நடந்தார்கள். பின்வாசலில்தான் கூட்டம் இருக்கும் என்று நினைத்தேன், இரண்டு பேர்தான் நின்றார்கள். ஜெனரேட்டர் அறையைச் சுற்றியோ கால் வைக்க இடமில்லை. அந்தப் பக்கம் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள்.

"கெமிஸ்ட்ரி பிளாக் சைடு கதவ நாலு மணிக்கே பூட்டிப்போடறாங்க மிஸ். உக்கடம் பஸ்ஸப் புடிக்க இப்படிச் சுத்தித்தானுங்க வரோணும்." சொன்னது அன்று உதறிவிட்டு ஓடி வந்த அந்தப் பெண்ணேதான்.

பாதுகாப்புக்காக என்று சொல்லி அந்தக் கதவைப் பூட்ட வைத்தவள் நான். யாரையும் கேட்கவில்லை. சாவி அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. அது உங்களுக்கும் தெரியும். என் பக்கம் திரும்பாமலே விசிலை ஊதி, "அவ்வளவுதானுங்க" என்று கூட்டத்தைக் கலைத்தீர்கள்.

அன்று மாலையே கதவைத் திறந்துவிட்டோம். அவள் அப்பா வந்து மகளோடு அந்த வழியாகப் பஸ்வரை நடந்து பார்த்தார். டி.சி. பேச்சை எடுக்காமல் ஊருக்குப் போனார். பூட்ட வைத்தது நான்தான் என்று, அவள் பட்டம் வாங்கிப் போகிறவரை அவளிடம் நான் சொல்லவே இல்லை. "நீயாச் சொல்லிப்போடு அம்மணி, மனசு லேசாயிரும்" என்று ஒரே ஒருமுறை சொன்னீர்கள், அதோடு விட்டுவிட்டீர்கள். வெட்கமாக இருந்தது அக்கா. நீங்கள் இருந்தவரை அந்த வெட்கத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "சொன்னீங்களே, அது போதுங்க மேடம்" என்றாள்.

இன்று எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொல்லி, நம் கல்லூரியை நானே வரைந்தேன். யாரையும் நிற்கச் சொல்வதற்கு முன் ஜெனரேட்டர் அறைக் கட்டத்தில் போய் நின்றேன். "முன்னால அந்தக் கதவப் பூட்ட வெச்சது நான்தானுங்க. ஆரையும் கேக்காமச் செஞ்சுபோட்டேன்."

பிறகு நம் பஸ் டிரைவர் ஒருவர் மெல்ல வந்து பஸ் நிற்கும் கட்டத்தில் நின்றார். "புள்ளைங்க நிக்கறப்பவே பின்னால பாக்காம வண்டிய எடுத்திருக்கறனுங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஹாஸ்டல் வார்டன் வந்தார். அப்புறம் இன்னும் சிலர்.

உங்கள் வீட்டார் கொடுத்த உங்கள் விசில் இப்போது என் கழுத்தில்தான் தொங்குகிறது. கூட்டத்தைக் கலைக்க நேரமாகியும் நான் அதை ஊதவில்லை, அக்கா. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.