ஏழு ஹிஸ்டிடினும் ஒரு குளுக்கோஸ் டப்பாவும்

21 ஜூலை 1980, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையில் மறுபடி கரித்தூள். அம்மா இரண்டாம் தடவை அலசினாள். காமாலை, ஒன்பதாம் நாள். கண் இன்னும் மஞ்சள்தான். காலையில் கீழாநெல்லி, மோர். பத்து மணிக்கு குளுக்கோஸ். மதியம் உப்பில்லாத கஞ்சி. நாலு மணிக்கு மறுபடி குளுக்கோஸ். நாக்கு செத்துவிட்டது.

தபாலில் வசந்தாவின் கடிதம். சென்னை லேபில் எனக்குப் பக்கத்து மேசை அவள். நான் திரும்பும்வரை என் பாக்டீரியாவைப் புதுத் தட்டுகளுக்கு மாற்றி வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவள். நாலே வரி. மூன்று தடவை போட்டுப் பார்த்தாளாம். தட்டில் வளர்ந்த புள்ளிகள் எல்லாம் வழவழப்பு, ஒன்றுகூடச் சுருங்கவில்லை. எங்கள் ஆராய்ச்சி கைடு சார் பார்த்துவிட்டு, இது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, வைத்திருந்து பயனில்லை என்றாராம். வெள்ளி சாயங்காலம் ஃபிரிட்ஜ் சுத்தம் செய்வார்கள். என் குழாய்கள் எல்லாம் கொதிக்க வைத்துக் கொட்டப்படும். அசல் குழாயும் அதில்தான்.

நாலு வருஷம். புள்ளி சுருங்கியிருந்தால் அது என் மியூட்டன்ட். வழவழப்பு என்றால் சாதாரண சால்மோனெல்லா, எந்தச் சாக்கடையிலும் கிடைக்கும்.

உடனே பதில் எழுதினேன். வேறு குழாயை எடுத்தாயா, கை சுத்தமில்லாமல் தொட்டாயா, உன்னை நம்பியது என் புத்தி. இன்னும் மோசமாகவும் இரண்டு வரி. ஒட்டி அப்பாவின் சாப்பாட்டுப் பையில் வைத்தாயிற்று.

22 செவ்வாய்

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஐந்தரைக்கே கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டார். குழாய்களைக் கொட்டவேண்டாம் என்று அதில் எழுதவே இல்லை. திட்டத்தான் தோன்றியது. தந்தி அடிக்கலாம், என்னவென்று? காரணம் இல்லாமல் சாரிடம் பேச முடியாது.

படுக்கை கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மோர் கொண்டுவரும் கம்மாபுரத்து அம்மா பார்த்துவிட்டாள். "படுத்துக்கினு இரு பாப்பா. இப்பிடி நடந்துகினே இருந்தா வூட்ட விட்டுப் போன மஞ்சா வாசப்படியிலேயே நின்னுகினு இருக்கும்."

மூன்று மணிக்கு அப்பா வந்தார். மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். நாலு வருஷமாக என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. இன்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

சொன்னேன். ஹிஸ்டிடின் என்று ஒரு சத்து. பாக்டீரியா அதைத் தானே தயாரிக்கும், தேவைப்பட்டால் மட்டும். தேவை என்று எப்படித் தெரியும்? தயாரிப்பதற்கான செய்தியின் தொடக்கத்திலேயே ஹிஸ்டிடின் என்ற சொல் வரிசையாக ஏழு தடவை. படித்துக்கொண்டே போகும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஹிஸ்டிடினைச் சுமந்துகொண்டு ஒரு குட்டி ஆர்.என்.ஏ. வரவேண்டும். சுமையோடு வந்தால் இயந்திரம் கடந்துவிடும், பின்னால் முடிச்சு விழும், செய்தி அங்கேயே நின்றுபோகும். சரக்கு இருக்கிறது, தயாரிக்கவேண்டாம். வெறுங்கையோடு வந்தால் இயந்திரம் அந்த ஏழில் மாட்டி நிற்கும். முடிச்சு விழாது. மீதிச் செய்தி முழுக்க ஓடும், தயாரிப்பு தொடங்கும்.

அப்பா சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினார். பிறகு, "காலி பெல்ட் வந்தாத்தான் மேல மெஷின் நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியும். போன் எல்லாம் அப்புறம்தான் வரும். அதுக்கும் அப்படித்தான் போல" என்றார்.

அதுவேதான். என்னுடையதில் அந்தச் சுமைகாரனிடம் சின்னக் கோளாறு. சுமையோடுதான் வருவான், ஆனால் தடுமாறுவான். பாக்டீரியா சரக்கு இல்லை என்று ஏமாந்து ஓயாமல் தயாரிக்கும். அந்த மிகையில்தான் புள்ளி சுருங்கும். எனக்கு அழுகை வந்தது. அப்பா பார்க்காத மாதிரி தண்ணீர் குடிக்கப் போனார்.

23 புதன்

பத்து மணி. அம்மா டம்ளரை நீட்டி, நேற்றைவிட ஒரு ஸ்பூன் அதிகம் போட்டிருக்கிறேன், தெம்பு வரும் என்றாள். வாயில் வைத்தேன். திகட்டியது. டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குளுக்கோஸ்! சர்க்கரை ஏராளமாக இருந்தால்தான் புள்ளி சுருங்கும். வழக்கமான அளவில் பத்து மடங்கு. சாதாரணத் தட்டில் என் மியூட்டன்டும் வழவழப்பாகத்தான் வளரும். தினம் இரண்டு வேளை அதையே குடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. வசந்தா சர்க்கரையை விட்டுவிட்டாள். நான் எழுதியது சரிதான்.

அப்பா வந்ததும் வராததுமாகச் சைக்கிளில் தந்தி ஆபீஸுக்கு. "குழாய்களைக் கொட்டாதே. சர்க்கரை பத்து மடங்கு போட்டுப் பார்." கல்யாணச் சமையலா என்று கேட்டாராம் குமாஸ்தா.

25 வெள்ளி

நேற்று ஒன்றும் எழுதவில்லை. காற்று நிற்கவில்லை. தந்தி போனதா? வசந்தா லேபுக்கு வந்தாளா? வாசலில் சைக்கிள் மணி, மூன்று தடவை. மூன்றும் பக்கத்து வீட்டுக்கு.

லேப் சுவரில் தட்டு தயாரிக்கும் முறை ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து. நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். உப்புகள், அகார், தண்ணீர், குளுக்கோஸ் வழக்கமான அளவு. அதற்கப்புறம் வரி வரவில்லை. அதிகச் சர்க்கரையை நான் எப்போதும் கடைசியில், என் அலமாரி பாட்டிலிலிருந்து, கையோடு ஊற்றிவிடுவேன். எழுதினேனா? எழுதியிருப்பேன். எழுதாமல் இருப்பேனா?

ஆறு மணி. ஃபிரிட்ஜைத் திறந்திருப்பார்கள்.

26 சனி

கண் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்றாள் அம்மா. பதினொன்றரைக்குத் தந்தி. அப்பாவுக்கு இன்று ஆஃப், அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.

"குழாய்கள் பத்திரம். தட்டு முழுக்கச் சுருக்கம். சுவர்ச் சீட்டில் அதிகச் சர்க்கரை இல்லை. கடிதம் கிடைத்தது. வசந்தா."

நல்ல சேதியா என்று அப்பா கேட்டார். சுருங்கிவிட்டது, நாலு வருஷமும் பிழைத்தது என்றேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

தந்தியில் யாரும் வேண்டாத வார்த்தை போடமாட்டார்கள். கடிதம் கிடைத்தது என்று போட்டிருக்கிறாள்.