சாவு விழாத ஞாயிற்றுக்கிழமை

ஹட்டனில் ஒரு நெட் கடையில் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தவன், வேறொரு பக்கத்தைத் திறந்துவிட்டேன். தொண்ணூறுகளின் மிகச் சிறந்த ராக், ராப் ஆல்பங்கள் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரிசைப்படுத்தியிருந்தார். அட்டைப் படங்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். பாதிக்கு மேல் உன் பையில் வந்தவை. அவ்வளவு பெயர் பெற்ற இசை என்று அப்போது நமக்குத் தெரியாது. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இல்லை, எழுதுகிறேன்.

கொழும்பில் நீ வேலை செய்த வீட்டுப் பையன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான். அவனுடைய கேசட்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார் அவன் அம்மா, அந்த வீட்டு நோனா. தீபாவளிக்கு நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மற்றவர்கள் துணிமணியோடு மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நீ கேசட்டுகளோடு இறங்கினாய்.

"ஏன்டா, நம்ம லயத்துல குப்ப பத்தலன்னா கொண்டாந்த?" என்றார் உன் அம்மா.

எனக்குக் கிட்டார்க்காரர்களைப் பிடித்தது. தொண்டை கிழியக் கத்தும் ஒருவனைக் கேட்டுவிட்டு, "இவனுக்கு என்னா கொற? கரண்ட் இருக்கு, சோறு இருக்கு. எதுக்கு இந்தக் கத்து?" என்றாய். ராப்பை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டாய். நமக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் உனக்கு விளங்கியது.

"இது பாட்டு இல்ல மச்சான். ஏசுறான். தாளத்தோட ஏசுறான். அடிதான் முன்னால நிக்கிது, ஆளு பின்னாலதான் வாறான்."

உன் அப்பா தோட்டத்தில் தப்புப் பறை அடிப்பவர். திருவிழாவில் கோயில் சுவருக்கு வெளியே நின்று அடிப்பார், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார். "சாவுக்கு மட்டும் எங்கள முன்னால விடுவானுங்க" என்று நீ சொல்வாய்.

அந்தத் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தப்பை இறக்கி, தீயில் காய்ச்சி, ராப்பின் மெதுவான அடியை முயன்று பார்த்தாய். நம் தோட்டத்தில் சாவுக்கு அடிக்கும் முதல் அடியும் ஏறக்குறைய அதுதான். மேல் லயத்துச் சனம் துவைத்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. ஒரு கிழவி பாதி வழியிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"யாருய்யா போனது?"

"யாரும் போவல ஆத்தா. இது அமெரிக்கா அடி."

"அமெரிக்காவுல யாரு செத்தா?"

நான் சிரித்து உருண்டேன். கோயில் காரியமும் பார்க்கும் தோட்டத்துச் சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. மே தின மேடையில் தொழிலாளி உரிமை என்று முழங்குகிறவர், சாயங்காலம் உன்னைக் கோயிலடிக்குக் கூப்பிட்டார். சாவு விழாத நாளில் சாவு அடி அடித்தது குற்றம். அதற்குப் பரிகாரமாக இந்தத் திருவிழாவிலிருந்து நீயும் அப்பாவோடு சுவரடியில் நின்று அடிக்க வேண்டும் என்றார்.

"அடிக்கிறேங்க. உள்ள வந்து, சாமிக்கு முன்னால நின்னு அடிக்கிறேன். வெளிய நிக்க மாட்டேன்."

"ஒங்கப்பன் நிக்கலயா?"

"நின்னாரு. அதப் பாத்துட்டுத்தாங்க சொல்றேன்."

உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருவிழாவுக்கு உங்கள் வீட்டைக் கூப்பிடாமல், நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வேறு ஆள் பிடித்தார்கள். அவர்களும் சுவருக்கு வெளியேதான் நின்றார்கள். நீ கொழும்புக்குத் திரும்பி, கட்டட வேலைக்கு மாறினாய். நீ நின்ற சாரம் சரிந்தது. உன்னை வேனில் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அடிக்க ஆள் சொல்லவா என்று தலைவர் கேட்டபோது, உன் அப்பாவே தப்பை எடுத்துக்கொண்டார். பாடை கோயிலைக் கடக்கும்போது அடியை நிறுத்துவது வழக்கம். கதவும் சாத்தியிருந்தது. அவர் நிறுத்தவில்லை. பாடையைப் பாதையில் நிற்க வைத்துவிட்டு, சுவரைத் தாண்டி உள்ளே போய், சாத்திய கதவுக்கு நேரே நின்று அடித்தார். "விடுங்கய்யா, புள்ளய பறிகுடுத்த ஆளு" என்றார் தலைவர், பெரிய மனசு பண்ணுகிறவர் போல. உன் அப்பாவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கை ஓயும்வரை அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அடுத்த திருவிழாவில் எல்லாம் பழையபடியே நடந்தது. கூப்பிட்டும் உன் அப்பா மட்டும் போகவில்லை.

எனக்கு நீ விட்டுப்போனது ஒரு கெட்ட பழக்கம். கலியாணம், கட்சிக் கூட்டம், பாட்டுக் கச்சேரி, எங்கே போனாலும் அடிக்கிறவனை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதைப் பார்த்த பிறகு பல இடங்களில் எனக்கு உட்காரப் பிடிப்பதில்லை.