மிஸ்டர் ஹாலம் என்னைப் புத்தகத்தில் போட்ட கதை

கெட்டில்விக்,
1931 மார்ச், செவ்வாய் மதியம்

என் அருமை மகள் பீபிக்கு அம்மா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், முழங்கால் ஒன்றுதான் மழை வருவதற்கு முன்னாலேயே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது, அந்தக் கனடாப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரோடாவும் அடுப்பு அணையாமல் வயிறு காயாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். உன் கடிதமும் குழந்தையின் போட்டோவும் வந்து சேர்ந்தன, மூக்கு அப்படியே உன் அப்பா மூக்கு, பார்த்ததும் கொஞ்சம் அழுதேன், சந்தோஷ அழுகைதான். இங்கே இந்த வருஷம் குளிர் கடுமை இல்லை, படகெல்லாம் நல்லபடியாகத் திரும்பின, மாவு பிசைந்து உப்ப வைத்துவிட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது வேறு யார் வாயாலோ உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் நீளமான சமாச்சாரம், அதனால் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு நிதானமாகப் படி.

பத்திரிகையில் எல்லாரும் கரித்துக் கொட்டுகிற அந்த எழுத்தாளர் கத்பர்ட் ஹாலமா நம் வீட்டு மாடியில் இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். அவரேதான். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டியும் தட்டச்சுப் பொறியுமாக வந்து அறை கேட்டபோது எனக்கு அவர் யாரென்றே தெரியாது, இருமுகிற மனுஷன், காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார், எனக்கு அது போதும். பிறகுதான் பாதிரியார் மனைவி பிரிசிக் அம்மாள் குடையும் கையுமாக வந்து, யாரைக் கொண்டுவந்து குடி வைத்திருக்கிறாய் தெரியுமா தாமசின், பெற்ற அப்பனையே சந்தி சிரிக்க வைத்தவன் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய அப்பா நார்தாம்ப்டன் பக்கம் தோல் கடை வைத்திருந்தவராம், ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கமும் செய்வாராம், முதல் புத்தகத்திலேயே அப்பாவுடைய கஞ்சத்தனம், வேலைக்காரியிடம் வைத்த நேசம் எல்லாவற்றையும் எழுதிவிட்டார், அப்பா அன்றைக்குச் சாத்திய கதவு திறக்கவே இல்லை. இரண்டாவது புத்தகம் புருஷனை விட்டுப் போன ஒருத்தியைப் பற்றி, படுக்கையறை சங்கதியெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது என்று கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லி அத்தனை பிரதிகளையும் கொளுத்திவிட்டார்கள். மூன்றாவதில் கட்டின பெண்டாட்டியையே போட்டார், அவள் தாய்வீட்டுக்குப் போனவள்தான். இதையெல்லாம் மனுஷன் என் மேஜையில் உட்கார்ந்து புகைபோட்ட ஹெர்ரிங் மீனில் முள் எடுத்துக்கொண்டே யாரோ மூன்றாம் மனுஷர் கதை போலச் சொல்வார். ஏன் ஐயா இப்படி ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறீர்கள், சும்மா ஒரு ஆளைக் கற்பனை பண்ணி எழுதக்கூடாதா என்று கேட்டேன். எனக்குக் கற்பனை பண்ண வராது வெதரில் அம்மா, பாக்கத்தான் வரும், ஆனா நல்லா பாப்பேன் என்றார்.

அவரை வெளியே அனுப்பாவிட்டால் கோடையில் பாடகர் குழு விருந்தை என் வீட்டில் வைக்க மாட்டோம் என்று பிரிசிக் அம்மாள் சொல்லி அனுப்பினாள். வைக்காவிட்டால் போகட்டும், அவர்கள் தின்ற கேக்குக்கு என்றைக்கு நன்றி சொன்னார்கள் என்று விட்டுவிட்டேன். அவரோடு வம்பு பேசிச் சிரிக்க இருந்த ஒரே ஆள் மீன் கொண்டுவரும் ஜாபெஸ் ஸ்டோர்தான். உனக்குத் தெரியும், உன் அப்பாவோடு ஒரே படகில் போனவர், அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு படகை விற்றுவிட்டுத் தள்ளுவண்டியில் மீன் விற்கிறவர். எழுத்துக்காரரே, என் மீனைப் பத்தியும் நாலு கெட்ட வார்த்தை எழுதுங்க, கோர்ட்டுல தடை போட்டா வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும் என்பார் ஜாபெஸ், மிஸ்டர் ஹாலமுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிடும்.

போன மாதம் ஒரு மதியம் மிஸ்டர் ஹாலம் கையில் தாள்களோடு கீழே வந்து, உங்களிடம் கொஞ்சம் படித்துக் காட்ட வேண்டும், இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை என்றார். அவருடைய அப்பா முந்தின வருஷம் இறந்தபோது அடக்கத்துக்குப் போயிருக்கிறார், சொந்த அக்காவே கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டாளாம், மழையில் வெளியே நின்றபடி மண் போடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாராம். அதுக்கப்புறம் கேக்காம எழுதக்கூடாதுன்னு தோணுச்சு, ஆனா எழுதாமலும் இருக்க முடியல என்றார். சரி படியுங்கள் என்று உருளைக்கிழங்கு உரித்தபடி உட்கார்ந்தேன். கடலோர ஊரில் அறை வாடகைக்கு விடுகிற ஒரு விதவை. காலையில் தள்ளுவண்டிச் சக்கரம் சந்தில் கடகடத்ததும் ஏப்ரனைக் கழற்றித் தலையைச் சரி செய்துகொள்கிறாள். வீட்டில் இரண்டு மீன் கிடந்தாலும் மூன்றாவது வாங்குகிறாள். மீன்காரருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தால் குற்றமாகிவிடும் என்பது போல அவர் குடித்து முடிக்கும் வரை நின்றே பேசுகிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா, ஞாயிற்றுக்கிழமை அவள் சுடுகிற மாவுப் புட்டிங் உப்பவே உப்பாது என்று வேறு. எனக்கு முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. போதும் நிறுத்துங்க, நாளைக்குக் காலையில பெட்டியக் கட்டிக்கிட்டு வேற இடம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டேன். அவர் தாள்களை மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் கோபத்தோடு மீன் அலமாரியைத் திறந்தேன், உள்ளே ஹாடக் மூன்று கிடந்தது, ஒன்று கெட்டே போயிருந்தது. பீபி, உன் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டேனா என்றுதான் முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் வண்டிச் சத்தம் கேட்டதும் வேண்டுமென்றே ஏப்ரனோடு, மாவுக் கையோடு, உர்ரென்று போய்க் கதவைத் திறந்தேன். ஜாபெஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன தாம்சி, உடம்பு சரியில்லையா, ஏப்ரனக் கழட்டாம வந்திருக்க என்றார். ஆக இவரும் தினம் கவனித்திருக்கிறார்! வந்த கோபத்தில் தாளில் இருந்ததை ஒன்று விடாமல் கொட்டி, உங்களையுந்தான் போட்டிருக்காரு, போய்ச் சண்டை போடுங்க என்றேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டு, அந்த மீன்காரன் கடைசியில என்ன பண்றான் என்று கேட்டார். நான் முடிவு வரைக்கும் படிக்க விடலையே என்றேன். அதற்குள் மிஸ்டர் ஹாலம் பெட்டியை இழுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். ஜாபெஸ் என் தலைக்கு மேலாகவே, ஐயா, உங்க கதையில அந்த ஆளு கடைசியில கேக்குறானா இல்லையா என்று கத்தினார். கேக்க மாட்டான், செத்துப்போன சிநேகிதனுக்குப் பயந்து வாயே திறக்க மாட்டான், ரெண்டு பேருக்கும் அப்படியே வயசாகிப் போயிடும் என்றார் மிஸ்டர் ஹாலம். அப்போ உங்க புஸ்தகம் பொய்யி, இப்பப் பாருங்க என்று சொல்லிவிட்டு ஜாபெஸ், கை முழுக்கச் செதிலோடு, பின்வாசல் படியில் நின்றபடியே, என்னைக் கட்டிக்கிறியா தாம்சி என்று கேட்டார். நான் உள்ளே வந்து உட்காருங்க என்றேன். நானும் உட்கார்ந்தேன். டீ ஊற்றத்தான் யாரும் இல்லை, மிஸ்டர் ஹாலம்தான் ஊற்றினார், பாதி தட்டில், பாதி மேஜையில்.

பெட்டி மறுபடி மாடி ஏறியது. மிச்சத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முடிவை மாற்றட்டுமா என்றார், வேண்டாம் என்றேன், அந்த ரெண்டு பேரும் பாவம், அப்படியே இருக்கட்டும், அப்படி இருந்துவிட்டுப் போகிறவர்கள்தானே உலகத்தில் அதிகம். புட்டிங்கை மட்டும் உப்ப வைக்கச் சொன்னேன், அதற்கு அரை மனதோடு சம்மதித்தார். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம், அந்தத் தாளில் நான் அழகியும் இல்லை புத்திசாலியும் இல்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை ஒருத்தர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததே இல்லை, அதில் ஓர் இடத்திலும் ஏளனம் இல்லை. அவர் செய்ததெல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன், அந்த அக்காவும் பெண்டாட்டியும் பட்டது பட்டதுதான். அதை அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். அவர் போன வாரம் அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டார், இன்னும் பதில் இல்லை. பிரிசிக் அம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடிவந்தாள், என்னை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார் என்று கேட்டாள், உங்களைப் போடவே இல்லை என்றார் அவர், அந்தக் கோபம்தான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஈஸ்டர் கழித்துச் சபையில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், பாதிரியார் தயார். நான்தான் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவை எனக்குச் சமமாக நேசித்தவள் நீ ஒருத்திதான், உன் மனசு தெரியாமல் என் பெயரை ஊர் முன்னால் வாசிக்க விட மாட்டேன். கோபம் வந்தால் கோபத்தையே எழுது, மழுப்ப வேண்டாம், நீ எழுதுவதைக் கேட்டு உடைந்துபோகிற வயசு எனக்குப் போய்விட்டது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன் பீபி, காலையில் பாடிக்கொண்டே எழுந்திருக்கிறேன், உனக்குத்தான் என் குரல் லட்சணம் தெரியுமே.

சளி பிடிக்காமல் இருக்க ரோடாவின் மார்பில் வாத்துக் கொழுப்பு தடவ மறக்காதே, பனி இளகும்போது ஏரி மேல் வண்டி ஓட்டக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். கர்த்தர் உங்கள் வாசலையும் களஞ்சியத்தையும் காத்து ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன் அம்மா,
தாமசின் வெதரில்

பி.கு. ஜாபெஸ் தோளுக்குப் பின்னால் நின்று இதையும் எழுதச் சொல்கிறார்: அவ அப்பா நாற்காலியில நான் உக்கார மாட்டேன்னு எழுது, எனக்குன்னு ஒண்ணு நானே கொண்டாரேன்.